ராமநாதபுரம் கரையில் நன்கொடை ஆய்வு: ஒரு பிள்ளையின் கதையா, எண்ணிக்கையா?

நெய்தல்_ஆய்வு கேட்டது:

வணக்கம். உளவியல் முனைவர் பட்டத்துக்கான களத்திட்டம் இது. ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

ஒரே ஒரு பிள்ளையின் முகத்தையும் பெயரையும் காட்டிக் கேட்டால் கை நீளும். அதே துன்பத்தை எண்ணிக்கையாகச் சொன்னால் கை சுருங்கும். 2007இல் வந்த டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆய்வு இதைத்தான் சோதித்தது. கேள்வித்தாள் நிரப்பி 5 டாலர் வாங்கியவர்களில், மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14, இரண்டையும் படித்தவர்கள் 1.43. நம் கரையில் இது எடுபடுமா என்பதே என் கேள்வி.

தொண்டி தொடங்கி வாலிநோக்கம் வரை 12 ஊர், ஊருக்கு 50 பேர், மொத்தம் 600. 20 நிமிடக் கேள்வித்தாளுக்குக் கூலி 200 ரூபாய். கூலி கைக்கு வந்ததும், மாலைப் படிப்பகம் ஒன்றுக்கு உதவி கேட்கும் தாளைக் கொடுப்போம். தாள் நான்கு வகை: சிறுமியின் கதை, எண்ணிக்கை, இரண்டும், படிப்பகத்தின் பெயர் மட்டும். குழப்பம் வேண்டாமென்று ஒரு ஊருக்கு ஒரே வகை. ஆக வகைக்கு மூன்று ஊர். ஆட்களைத் திரட்டித் தர ஊர்த் தலைவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம், ஆண்கள் கரையில் இருப்பார்கள் என்பதால் அப்போதே முடிக்க எண்ணம். 600 பேர் போதுமா? வேறு என்ன இடிக்கும்?

கணக்குப்பிள்ளை:

600 பேர் என்பது உங்கள் தாளில்தான் 600. ஊருக்கு ஒரு வகை என்று வைத்த உடனே அது சுருங்கிவிடுகிறது.

ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல் ஒருவர் கொடுப்பார்கள். ஊருக்குள் அந்த ஒற்றுமையின் அளவு 0.05 என்று வைத்துக்கொள்வோம், சின்ன எண்தான். ஊருக்கு 50 பேர் என்றால், இந்த ஒற்றுமையால் 600 எத்தனை மடங்கு சுருங்கும் என்னும் வீக்கக் கணக்கு 1 + (49 × 0.05) = 3.45. 600ஐ 3.45ஆல் வகுத்தால் 174. அதை நான்கு வகைக்குப் பங்கிட்டால் வகைக்கு 43 பேர். போதாததற்கு வகைக்கு மூன்றே ஊர். கதைத்தாள் போன மூன்றில் ஒன்று வெளிநாட்டுப் பணம் புழங்கும் ஊராக அமைந்தால், நீங்கள் அளப்பது கதையின் வலுவை அல்ல, அந்த ஊரின் வசதியை.

ஒவ்வொரு ஊருக்குள்ளும் எல்லா வகையையும் குலுக்கிக் கொடுங்கள். அப்போது ஊர் வேறுபாடு கணக்கிலிருந்து கழன்றுவிடும். அப்படியே செய்தாலும் நான்கு வகை அதிகம். வகைக்கு 150 பேரை வைத்து 80 சதவீத வலுவோடு (வேறுபாடு உண்மையிலேயே இருந்தால் நூறில் எண்பது முறை பிடிபடும்படி) பிடிக்கக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு, திட்ட விலக்கத்தில் (தொகைகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவில்) 0.32 பங்கு. இரண்டே வகையாக்கி வகைக்கு 300 வைத்தால் 0.23. கொடுக்கும் தொகையின் திட்ட விலக்கம் 60 ரூபாய் இருக்கும் என்று கொண்டால், 14 ரூபாய் வேறுபாடு வரை பிடிபடும்; அதற்குக் கீழே இருப்பது தப்பிவிடும்.

இங்கேதான் கசப்பான செய்தி. இந்தத் துறையின் சோதனைகளைத் திரட்டி 2016இல் லீ, ஃபீலி இருவரும் போட்ட கணக்கில் இந்த ஒற்றை முக விளைவின் ஒட்டுறவு எண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) வெறும் 0.05. அவ்வளவு மெலிந்த விளைவைப் பிடிக்க வகைக்குச் சுமார் 1,570 பேர் வேண்டும். படத்தோடு, வறுமையில் வாடும் ஒரே ஒரு குழந்தை, தன் நிலைக்குத் தான் காரணமில்லாத குழந்தை என்று வரும்போது விளைவு கொஞ்சம் கூடும் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. இன்னொன்று: நீங்கள் சொன்ன 2007 சோதனையையே மயர், வோங், ஃபெல்ட்மன் மூவரும் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்களை வைத்து மறுபடி செய்து 2023இல் வெளியிட்டார்கள். விளைவு வரவில்லை. முன்னுரையில் 2.38ஐயும் 1.14ஐயும் மட்டும் எழுதி இதை விட்டுவிட்டால் முதல் தேர்வாளரே மடக்கிவிடுவார்.

கணக்குப் பார்க்கும்போது ஒரு தவறு எல்லோரும் செய்வது: ஒன்றும் கொடுக்காதவர்களை ஒதுக்கிவிட்டு, கொடுத்தவர்களின் சராசரியை மட்டும் ஒப்பிடுவது. கதையைப் படித்துத்தான் புதிதாகப் பத்துப் பேர் பத்துப் பத்து ரூபாய் கொடுத்தார்கள் என்றால், கொடுத்தவர்களின் சராசரி இறங்கும். கதை கெடுதல் செய்தது போலத் தெரியும். பூஜ்யத்தையும் சேர்த்த சராசரி ஒன்று, கொடுத்தாரா இல்லையா என்பது ஒன்று. இந்த இரண்டையும்தான் முதன்மை அளவாக, களத்துக்குப் போகும் முன்னரே பதிவு செய்து வையுங்கள்.

பாக்குநீரிணை:

தம்பியோ தங்கச்சியோ, புள்ளிவிவரத்தை மேலே இருப்பவர் பார்த்துக்கொண்டார். கரையைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் ஊர்த் தலைவரை விடுங்கள். அனுமதிக்குப் போய்ப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். தலைவர் ஆள் திரட்டி, தலைவர் வீட்டுத் திண்ணையில் பெட்டி வைத்தால், அது நன்கொடை இல்லை, வரி. கரையோரத்தில் கொடுப்பதற்கு ஒரு சொல் இல்லை, ஏழெட்டு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மனசு வேறு மாதிரி வேலை செய்யும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி: கொடுக்காவிட்டால் ஊரில் பேச்சு வரும். மொய்: நோட்டில் ஏறும், திரும்பி வரும், கடன். ஜகாத்: வசதியுள்ளவர் மீது கடமை, சேமிப்பில் இரண்டரை சதவீதம், யாருக்குப் போகவேண்டும் என்பதற்கும் விதி உண்டு. சதக்கா அப்படியல்ல, மனமிருந்தால் கொடுப்பது. மாதா கோயிலில் காணிக்கை, கோயிலில் உண்டியல் நேர்த்திக்கடன். ஏலத்தில் மீன் போகும்போதே பொதுக் காரியத்துக்குப் பிடித்துக்கொள்வதும் சில கரைகளில் உண்டு. இத்தனையும் போக மிச்சமிருக்கும் சுயவிருப்பக் கொடையைத்தான் உங்கள் ஆய்வு அளக்க நினைக்கிறது. ஆகவே கேள்வித்தாளில் "கடந்த ஆண்டு எவ்வளவு நன்கொடை கொடுத்தீர்கள்" என்று ஒற்றை வரியில் கேட்காதீர்கள். சதக்காவைச் சொல்லமாட்டார்கள், வரியைச் சேர்த்துச் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள்.

"நன்கொடை" என்ற சொல்லே வேண்டாம் என்பேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாங்குகிற பணத்துக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது. பெற்றோருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல். "படிப்பகத்துக்கு உதவி" போதும். அதேபோல் மனநிலைக் கேள்விகளில் "பரிதாபம்" போடாதீர்கள். அது மேலிருந்து கீழே பார்க்கும் சொல். "மனசு இளகியது", "பாவமாக இருந்தது" என்பதே புழக்கம். இந்தக் கேள்விகள் பணம் கொடுத்த பிறகு வரட்டும். முன்னால் கேட்டால், பாவமாக இருந்தது என்று டிக் அடித்தவர் வெட்கத்துக்காகவாவது பணம் போடுவார்.

அடுத்து, மே மாதம். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆனால் அது விசைப்படகுக்கு. நாட்டுப்படகு கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பல வீட்டில் வருமானம் நின்றிருக்கும், தெற்கே வல்லம் என்ற நாட்டுப்படகு ஓட்டும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும். 12 ஊரையும் ஒரே மாதத்தில் எடுத்துவிட்டோம், சமமாகிவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் காய்ந்த கையையும் ஈரக் கையையும் கலந்திருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஆகாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பார்க்கலாம், அந்த ஆண்டு எந்த ஊரில் திருவிழா, கந்தூரி என்று குறித்துக்கொண்டு. ரமலான் ஆண்டுக்கு 11 நாள் போல முன்னே வரும். அந்த மாதத்தில் தொண்டியிலும் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் அளப்பதை மற்ற மாதத்தோடு ஒப்பிடவே முடியாது.

நாள் கணக்கும் உண்டு. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலை கரைக்கு வரும். வந்த நாள் மத்தியானம் பங்குப் பணம் கையில் இருக்கும், ஆனால் தூக்கம் கண்ணைக் கட்டும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போவார்கள். காலையில் கதவைத் தட்டினால் கிழவிகளும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். அப்படிக் கிடைத்தவர்களை மட்டும் எழுதி வந்தால் அது ஊர் இல்லை, பாதி ஊர்.

வெட்டிப்பேச்சு:

குறுக்கே ஒரு கேள்வி. செத்துப்போன விளைவை ராமநாதபுரத்தில் மறுபடி ஏன் தேடவேண்டும்? படிப்பகத்துக்குப் பயன்படுகிற கேள்வியை எடுத்தால் என்ன?

யூரி நீசியும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்டதைப் பாருங்கள். 40,000 பேருக்குக் கடிதம், வகைக்கு 10,000. வெறுமனே கேட்டால் 3.36 சதவீதம் பேர் கொடுத்தார்கள். "ஏற்கெனவே ஒருவர் பெருந்தொகை தந்திருக்கிறார்" என்றால் 4.75. "நீங்கள் தருவதற்கு ஈடாக இன்னொருவரும் தருவார்" என்றால் 4.41. "நிர்வாகச் செலவு முழுவதையும் ஒருவர் ஏற்றுக்கொண்டார், உங்கள் பணம் அப்படியே பிள்ளைகளுக்கு" என்றபோது 8.55. பெருந்தொகை தந்தவர் கொடுத்தது ஒரே அளவுதான். சொன்ன விதம்தான் வேறு. "வாத்தியார் சம்பளத்தை ஒருத்தர் ஏத்துக்கிட்டார், உங்க காசு நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும்" என்று ஒரு தாள், சாதாரணத் தாள் ஒன்று. 600 பேரில் பிடிபடக்கூடிய வேறுபாடு இதுதான் என்று தோன்றுகிறது.

ஈட்டுத்தொகைப் பக்கம் போவதாக இருந்தால் ஒன்று: டீன் கார்லன், ஜான் லிஸ்ட் 2007 கட்டுரையில் 50,083 பேருக்குப் போன கடிதங்களில், ஈடு உண்டு என்று சொன்னாலே கொடுப்பவர்கள் 22 சதவீதம் கூடினார்கள். ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று ஏற்றியதில் கூடுதலாக ஒன்றும் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:

வெட்டிப்பேச்சு சொல்வதில் பாதி சரி. செத்துப்போனது என்பதை ஏற்கமாட்டேன். 2015இல் தெஹிலா கோகுட், ஸ்லோவிக், வெஸ்ட்ஃபியால் மூவரும், மேற்கத்திய வாழ்முறை கொண்ட இஸ்ரேலியர்களையும் பெதுயின் அரபுச் சமூகத்தையும் ஒப்பிட்டார்கள். ஒற்றைப் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் போக்கு முதல் குழுவில் இருந்தது. கூட்டாக வாழும் பெதுயின்களிடம் இல்லை. நம் கரையில் ஒரு குடும்பம் என்பதே தெரு அளவுக்கு நீளும். அங்கே ஒற்றை முகத்துக்குத் தனி இழுப்பு இருக்கிறதா என்பது நல்ல கேள்விதான். ஆனால் அப்படிக் கேட்டால் ஒப்பீடு "ஒரு பிள்ளை, எட்டுப் பிள்ளைகள்" என்று இருக்கவேண்டும், இரண்டு தாளிலும் படமும் பெயரும் வரவேண்டும். "கதை, புள்ளிவிவரம்" என்ற ஒப்பீட்டில் படம், பெயர், தாளின் நீளம், எண்ணிக்கை நான்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. எது வேலை செய்தது என்று பிரிக்கமுடியாது.

நெய்தல்_ஆய்வு:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வகையாகக் குறைக்கிறேன்: ஒரு பிள்ளை, எட்டுப் பிள்ளைகள். ஊருக்குள்ளேயே குலுக்கல். பாக்குநீரிணை அண்ணே, மாதத்தை ஆகஸ்டுக்கு மாற்றப் பார்க்கிறேன். மூன்று சந்தேகம். ஒரே ஊரில் இரண்டு தாள் என்றால் டீக்கடையில் ஒப்பிட்டுப் பேசிவிடமாட்டார்களா? யார் எவ்வளவு கொடுத்தார் என்று எங்களுக்கே தெரியாமல் எப்படி வாங்குவது? படத்துக்குக் கணினியில் உருவாக்கிய குழந்தை முகத்தைப் போட்டால் யாருக்கும் பாதிப்பில்லை அல்லவா?

சீலிட்டஉறை:

கணினி முகம் வேண்டாம். படிப்பகம் நிஜம், பணம் நிஜம், பிள்ளை மட்டும் பொய் என்றால் அது ஏமாற்றி வாங்கிய பணம். அறநெறிக் குழு தப்பித்தவறி விட்டாலும், பிறகு தெரியவரும்போது அடி விழுவது உங்களுக்கல்ல, படிப்பகத்துக்கு. உள்ளூர்ப் பிள்ளையின் நிஜப் படமும் சிக்கல்: "இது இன்னார் மகள்" என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெற்றோர் கையெழுத்தும் பிள்ளையின் சம்மதமும் இருந்தாலும், ஏழை என்று ஊரே படித்த தாள் அந்தப் பிள்ளையோடு பள்ளிக்கூடம் வரை போகும். நடைமுறையில் சரிப்படுவது: முன்பு அங்கே படித்து இப்போது 18 வயது தாண்டியவர்கள் எட்டுப் பேர், தங்கள் சிறுவயதுப் படத்தையும் பெயரையும் பயன்படுத்தத் தாங்களே எழுதித் தரும் சம்மதம். 12 ஊருக்கும் வெளியே உள்ளவர்களாக இருக்கவேண்டும். ஒற்றைத் தாளில் எப்போதும் ஒரே பிள்ளையைப் போடாமல் எட்டுப் பேரையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் முகவெட்டு. இரண்டு தாளும் ஏறக்குறைய 120 சொல், கேட்கும் தொகை ஒன்றே.

பணம் வாங்கும் முறை. ஆளுக்குப் பத்து 20 ரூபாய்த் தாள், அதே அளவில் வெட்டிய பத்து வெற்றுத்தாள், ஒரே மாதிரியான இரண்டு பழுப்பு உறை. ஒன்றில் "வீட்டுக்கு", மற்றதில் "படிப்பகத்துக்கு" என்று அச்சிட்டிருக்கவேண்டும். ஒவ்வொரு உறையிலும் பத்துத் தாள் இருக்கவேண்டும், எதை எதில் வைப்பது அவர் விருப்பம். ஒன்றும் கொடுக்காதவர் பத்து வெற்றுத்தாளைப் படிப்பக உறையில் வைப்பார், தடிமன் ஒன்றே. திரைக்குப் பின்னால் வைத்து ஒட்டி, அவரே பெட்டியில் போடட்டும். உறைக்குள் தாள் வகையின் குறி மட்டும், ஆள் எண் வேண்டாம். இப்படிச் செய்தால் ஒருவருடைய வயது, வருமானத்தோடு அவர் கொடுத்த தொகையை இணைக்கமுடியாது. அந்த இழப்பு ஏற்கத் தக்கது. இணைத்தே ஆகவேண்டுமென்றால், ஒரே எண் எழுதிய கேள்வித்தாளும் உறையும் உள்ள கட்டுகளைக் குவித்து வைத்து, அவரே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர் எங்கும் எழுதக்கூடாது. நாணயம் சேர்க்காதீர்கள், சத்தம் காட்டிக்கொடுக்கும். இதனால் 101 ரூபாய் கொடுக்கும் வழக்கம் அடிபடும், வேறு வழியில்லை. கூலியைக் கையில் தரும்போது "இது உங்கள் வேலைக்கான கூலி, முழுசும் உங்களுடையது" என்று ஒரே வாக்கியத்தை எல்லோருக்கும் சொல்லவேண்டும். இனாமாக வந்த பணம் என்று பட்டால் கை தளர்ந்துவிடும்.

டீக்கடைப் பேச்சைத் தடுக்கமுடியாது, முந்திக்கொள்ளலாம். ஒரு ஊரை நான்கு மணி நேரத்துக்குள் முடியுங்கள். பத்துப் பேர், பத்துத் திரை. ஒருவருக்கு முக்கால் மணி நேரம் என்றாலும் முடிந்துவிடும். பக்கத்துப் பக்கத்து ஊர்களை அடுத்தடுத்த நாளில் வைக்காமல் ஒரே நாளில் வையுங்கள். தாள் ஒட்டிய உறையில் வரட்டும். எந்த வகை என்று களப்பணியாளருக்கே தெரியக்கூடாது, தெரிந்தால் குரலிலேயே காட்டிவிடுவார். வாசிக்கத் தடுமாறுகிறவர்களுக்குக் கைபேசியில் பதிவுசெய்த குரல், காதில் மாட்டிக் கேட்கும்படி. இரண்டு வகைக்கும் ஒரே குரல். குலுக்கலைப் பத்துப் பத்தாக, ஐந்துக்கு ஐந்து கலந்து கட்டி வைத்தால் பாதியில் மழை வந்து நிறுத்தினாலும் கணக்கு ஒருபக்கம் சாயாது.

சம்மதப் படிவத்தில் ஆய்வின் நோக்கத்தை முழுக்க எழுதாதீர்கள். 2007 கட்டுரையிலேயே, ஒற்றை முகத்துக்கு மனம் இளகும் போக்கைப் பற்றி முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்தபோது சிறுமிக்குக் கொடுப்பது குறைந்தது, எண்ணிக்கைக்குக் கொடுப்பது கூடவில்லை. "உதவி பற்றிய முடிவுகள்" என்று பொதுவாக எழுதி, 12 ஊரும் முடிந்தபின் திரும்பப் போய் விளக்குங்கள். அந்தப் பயணச் செலவையும் இப்போதே திட்டத்தில் சேருங்கள்.

பாக்குநீரிணை:

திரை வைப்பது மிக நல்லது. ஆனால் ஒன்று: மறைத்துக் கொடுப்பதுதான் உண்மையான கொடை, வெளியே தெரிந்தால் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள், மறுதலையாகவும் நினைக்காதீர்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பதை ஜமாத்திலும் சொல்வார்கள், பங்குச் சாமியும் சொல்வார். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று முந்நூறு வருஷமாகப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பதும் இதே கீழக்கரைதான். சூட்வென்ட் என்பவர் நெதர்லாந்தில் 30 தேவாலயங்களில் மூடிய பைக்குப் பதில் திறந்த கூடையைச் சுற்றவிட்டுப் பார்த்தார். வெளிக்காரியத்துக்கான இரண்டாம் காணிக்கை முதலில் 10 சதவீதம் போல ஏறியது, போகப்போகக் கரைந்தது. ஒரே நாள் அளவை வைத்து "ஊர் இப்படித்தான்" என்று ஆய்வேட்டில் எழுதாமலிருக்க இது ஒன்றே போதும்.

பெட்டித் திறப்பு. அந்த ஊரிலேயே வேண்டாம். 50 உறையைப் பிரித்து எண்ணுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும், "நம்ம ஊரு எவ்வளவு" என்று அடுத்த ஊருக்குப் போட்டி ஆகிவிடும். பூட்டிய பெட்டியைக் கொண்டுபோய் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, இரண்டு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். 12 ஊரும் முடிந்ததும் மொத்தத் தொகைக்குப் படிப்பகத்தின் ரசீதை வாங்கி, ஊர்வாரியாகப் பிரிக்காமல், ஒரே தொகையாக எல்லா ஊரிலும் ஒட்டுங்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது என்றால், அதை உள்ளூர்த் தொண்டு நிறுவனம் வழியாகக் கூலியாகப் பிரித்துக் கொடுக்கும் யோசனைக்கு முன் கணக்காளரைப் பாருங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றமுடியாது.

அப்புறம் 20 ரூபாய்த் தாள். 600 பேருக்கு 6,000 தாள் வேண்டும். வங்கியில் அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. இரண்டு மூன்று கிளையில் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து வையுங்கள். பாதி கசங்கியது பாதி புதிது என்று கலந்து கொடுத்தால் ஆட்கள் கசங்கியதைத்தான் படிப்பகத்துக்குப் பொறுக்கி வைப்பார்கள்.